ஆமை வேகக் கம்ப்யூட்டரை மாற்றாமல் ஓட வைப்பது: எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது

எங்கள் வீட்டு லேப்டாப் 2014-ல் வாங்கியது. ஐ3 நான்காம் தலைமுறை ப்ராசஸர், 4 ஜிபி ரேம் (ஓடுகிற வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில் தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் போடும்போதே இதையும் ஆன் செய்துவிட்டுப் போவேன். மாடி டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு ஓடிவந்து மோட்டாரை அணைத்த பிறகும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

பக்கத்துக் கடையில் கொடுத்தேன். "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும் சார்" என்றார்கள். 500 ரூபாய். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதைதான். இப்படி மூன்று தடவை. நான்காவது தடவை போனபோது, "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசா வாங்கிடுங்க" என்று 38,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் நானே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

மொத்தம் 7,400 ரூபாய் ஆனது. அதில் 2,400 தண்டம்: மூன்று ஃபார்மட்டுக்கு 1,500, தவறான ரேம் வாங்கியதற்கு 900. மீதி 5,000-தான் உண்மையான செலவு. அந்த 2,400 உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். இதில் வருவது விண்டோஸ் லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் பொருந்தும். இரண்டுக்கும் வித்தியாசம் வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

1. எது மெதுவாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள் (15 நிமிடம், செலவு இல்லை)

இதைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். கடைக்காரர் மூன்று தடவையும் செய்யாமல் விட்டது இதைத்தான்.

கம்ப்யூட்டரை ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போய், வேறு எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று வரைபடங்கள் ஓடும்.

என் லேப்டாப்பில் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆனால் அதற்குக் கீழே வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு 1 எம்பிகூட இல்லை. முழு மூச்சாக வேலை செய்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. காரணம் எளிது. பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு. ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் அதன் முள் சரியான இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி நொடிக்கு நூறு தடவைகூட அதனால் ஓடி ஓடி எடுக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை.

டிஸ்க் இப்படி 100-ல் நின்றால், சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான் மருந்து. மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. சும்மா இருக்கும்போதே சிபியு 60, 70 என்று ஓடினால் ஏதோ ஒரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது. 'ப்ராசஸஸ்' பக்கத்தில் பெயர் தெரியும். டிஸ்க்கும் மெமரியும் சேர்ந்து உச்சத்தில் இருப்பதும் சகஜம். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்தும், அதனால் டிஸ்க் இன்னும் திணறும்.

ஒன்றைக் கவனியுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஆன் செய்கிற கம்ப்யூட்டர் என்றால், ஒரு வாரத்து அப்டேட், வைரஸ் ஸ்கேன் எல்லாம் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் வந்து விழும். அப்போது பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகு பாருங்கள்.

அடுத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீல நிறத்தில் 'குட்' என்றால் பரவாயில்லை. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் டிஸ்க்கில் பழுதான இடங்கள் தோன்ற ஆரம்பித்துவிட்டன. எனக்கு மஞ்சள்தான் வந்தது. சாகப்போகிற டிஸ்க்கை மூன்று தடவை ஃபார்மட் அடித்திருக்கிறார்கள்! மஞ்சளைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டாவது படிக்குப் போங்கள்.

2. பேக்கப் (ஒரு இரவு)

ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கடன் வாங்கியாவது இதைச் செய்துவிடுங்கள். பழைய யுஎஸ்பி 2.0 துளையில் நொடிக்கு 30 எம்பி அளவுதான் போகும். 100 ஜிபிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீல நிறம் தெரிகிற துளை பெரும்பாலும் 3.0, அதில் செருகினால் சீக்கிரம் முடியும். வெள்ளிக்கிழமை இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் சனிக்கிழமை காலையில் மற்ற வேலையை ஆரம்பிக்கலாம்.

போட்டோ, டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் இவற்றை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். தவறவிடுவது வேறு சில:

டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர். அது டாகுமெண்ட்ஸில் இருக்காது. டேலிக்குள்ளேயே டேட்டா எங்கே இருக்கிறது என்ற பாதை தெரியும், அதைப் பார்த்து எடுங்கள்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். கூகுள் கணக்கில் சிங்க் ஆகிறதா என்று பாருங்கள்.

தமிழ் எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பழைய வேர்டு கோப்புகள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்று இருக்கும். மொத்தமாகப் பிரதி எடுத்து வையுங்கள். என் அப்பா எழுதி வைத்திருந்த குடும்ப வரலாறு 62 பக்கம் இப்படித்தான் தப்பியது. அழகி, என்எச்எம் ரைட்டர் மாதிரி தட்டச்சு மென்பொருள் பயன்படுத்தினால் அதன் நிறுவும் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டிய ஆதாரங்கள்: லேப்டாப் அடியில் விண்டோஸ் ஸ்டிக்கர் இருந்தால் அதன் போட்டோ, ஆபீஸ் வாங்கியிருந்தால் அதன் கீ, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், அதாவது பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைக்காமல் திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள்.

எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். காப்பி ஆனது வேறு, திறப்பது வேறு.

3. காசில்லாமல் செய்யக்கூடியவை (ஒரு மணி நேரம்)

இதனால் ஓரளவுதான் பலன் கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இலவசம்.

டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கம் போங்கள். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே கூடவே எழுந்திருக்கும் பட்டாளம் அங்கே தெரியும். வீடியோ கால் மென்பொருள்கள், பிரிண்டர் உதவியாளர், டோரண்ட், லேப்டாப் கம்பெனியே போட்டுக்கொடுத்த நாலைந்து சமாச்சாரங்கள். தேவையில்லாததை 'டிசேபிள்' செய்யுங்கள். அழியாது, தானாகத் திறக்காது, அவ்வளவுதான். டச்பேட், சவுண்ட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். லேப்டாப்போடு வந்து, காலாவதியாகி, பணம் கட்டு பணம் கட்டு என்று கேட்டுக்கொண்டே இருக்கிற ஒன்று பல வீடுகளில் இருக்கும். அதை நீக்கினால் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். வீட்டுக்கு அது போதும்.

சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பிரவுசரில் எக்ஸ்டென்ஷன்களைக் குறையுங்கள். "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று ஓரத்தில் எட்டிப்பார்க்கிற அறிவிப்புகள் பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ 'அலவ்' கொடுத்த வினை. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதிகளைப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 10-ல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இப்போது கூடாதவை. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர், "பிசி ஸ்பீட் அப்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் போடாதீர்கள். ரேமைக் காலி செய்து தருகிறேன் என்று சொல்பவை, ரேமில் இருந்ததை டிஸ்க்குக்குத் தள்ளுகின்றன. நமக்குப் பிரச்சினையே டிஸ்க்தானே.

4. தூசியும் சூடும்

ஆன் செய்தபோது சரியாக இருந்து, அரை மணி நேரத்தில் மெதுவானால் சூடு காரணமாக இருக்கலாம். சூடு அளவு மீறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 90 டிகிரிக்கு மேலேயே நின்றால் திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

பிரஷ்ஷாலும் காற்று ஊதியாலும் விசிறித் தூசியை எடுங்கள். ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் அதன் அச்சு கெடும். பத்து வருடத்தில் ப்ராசஸர் மேல் இருக்கும், சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த விபூதி மாதிரி ஆகியிருக்கும். புதுப் பேஸ்ட் எனக்கு 200 ரூபாய். கை நடுங்குகிறவர்கள் இதைமட்டும் கடையில் கொடுத்துச் செய்யலாம். லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து ஓட்டுவதை நிறுத்துங்கள்.

டியூப்ளிகேட் சார்ஜர் போட்டிருக்கிறீர்களா? சில மாடல்கள் சார்ஜரை அடையாளம் தெரியாவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப்பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் வேறு எதுவும் யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். அது வேகப் பிரச்சினையே இல்லை, தீப்பிடிக்கும் பிரச்சினை.

5. எஸ்எஸ்டி வாங்குவது

மொத்த வேலையில் முக்கால்வாசிப் பலன் இதில்தான். பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் நொடிக்கு 100 எம்பி சுமாருக்குத்தான் படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க் செருகும் அதே வகை இணைப்பு) 500-ஐத் தொடும். அதைவிட முக்கியம், உள்ளே சுற்றும் தட்டோ நகரும் முள்ளோ இல்லாததால் சின்னக் கோப்புகளுக்காகக் காத்திருக்கும் வேலையே இல்லை.

2014, 15 வாக்கில் வந்த பெரும்பாலான லேப்டாப்களுக்கு வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. கடையில் "லேப்டாப்புக்கு சாட்டா எஸ்எஸ்டி, ரெண்டரை இன்ச்" என்று கேட்டால் போதும். சூயிங் கம் பட்டை மாதிரி ஒல்லியாக இருக்கும் எம்.2 வகை வேறு. அதற்கு மதர்போர்டில் தனி இடம் வேண்டும். அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வேலை செய்யாது. உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடி, எது பொருந்தும் என்று உறுதி செய்யாமல் எம்.2 வாங்காதீர்கள். டெஸ்க்டாப்புக்கும் அதே 2.5 அங்குலம்தான். கூடவே ஒரு சாட்டா டேட்டா கேபிள் வாங்குங்கள், டப்பாவுக்குள் இருக்காது.

அளவு: வரி, மெயில், பில் கட்டுவது என்றால் 240 அல்லது 256 ஜிபி போதும். போட்டோவும் உள்ளேயே இருக்க வேண்டும் என்றால் 480 அல்லது 500. 120 ஜிபி வாங்காதீர்கள், ஒரே வருடத்தில் இடம் போதாமல் புலம்புவீர்கள். நான் 480 ஜிபி 2,900 ரூபாய்க்கு வாங்கினேன். 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி இரண்டின் விலையும் நன்றாக ஏறிவிட்டது. அதனால் என் கணக்கை ஒரு அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொண்டு, வாங்கும் நாளில் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. அங்கே முதல் கடையில் சொன்ன விலைக்கும் நான்காவது கடையில் சொன்ன விலைக்கும் எனக்கு 450 ரூபாய் வித்தியாசம் வந்தது.

ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி 1,200 ரூபாய் என்று பார்த்தால் கடந்து போய்விடுங்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லவைத்திருப்பார்கள். கோப்புகளை ஏற்றும்போது ஏற்றிக்கொள்ளும், திறக்கும்போதுதான் தெரியும்.

பில் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 3 வருடம், சிலவற்றுக்கு 5 வருடம் வாரண்டி. வீட்டுக்கு வந்ததும் அந்த சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அசலா என்று தெரியும். பில்லைப் போட்டோ எடுத்துவிடுங்கள், அந்த மெல்லிய பேப்பரில் அச்சு ஒரு வருடத்தில் மறைந்துவிடும்.

6. மாற்றுவது: குளோனா, புதிதாகவா?

இரண்டு வழி. பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் படியெடுப்பது குளோன். விண்டோஸைப் புதிதாகப் போடுவது இன்னொன்று.

குளோன் செய்ய சாட்டா யுஎஸ்பி கேபிள் வேண்டும், 350 ரூபாய். சில எஸ்எஸ்டி கம்பெனிகள் அதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. முடிய ஒன்றிரண்டு மணி நேரம். எல்லா மென்பொருளும் அமைப்பும் அப்படியே வந்துவிடும் என்பது வசதி. ஆனால் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு என்றால், உள்ளே 150 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும், சில மென்பொருள் "இடம் போதாது" என்று மறுத்துவிடும். டிஸ்க் மஞ்சள் காட்டுகிறது என்றால் குளோன் பாதியில் நின்றுபோகும், பழுது இடங்களைப் படிக்க முயன்றே டிஸ்க் செத்தும் போகலாம். எனக்கு 61 சதவீதத்தில் நின்றது. அதோடு விட்டுவிட்டேன்.

புதிதாகப் போடுவதையே நான் சொல்வேன். பத்து வருடக் குப்பையும் சேர்ந்து ஒழியும்.

வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை ஏற்றிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள்.

பிறகு திருகுகள். வீட்டு இட்லித் தட்டை எடுத்து வையுங்கள். நான் முதல் குழியில் பின்மூடித் திருகு, இரண்டாவதில் டிஸ்க்கைப் பிடித்திருந்த நான்கு, மூன்றாவதில் டிவிடி டிரைவைப் பிடித்திருந்த ஒன்று என்று போட்டேன். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முறுக்கினால் மறுபக்கம் கீபோர்டு அடியில் முட்டிக்கொண்டு வரும். சில மாடல்களில் பின்மூடியைத் திறக்கக் கீபோர்டையே கழற்ற வேண்டியிருக்கும். பட்டைக் கேபிளை இழுத்துப் பிய்த்துவிடாதீர்கள். உங்கள் மாடலைப் பிரிக்கும் வீடியோவை முழுசாக ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருங்கள்.

டிஸ்க் ஒரு தகர உறைக்குள் இருக்கும். மேலே தூக்காமல், இணைப்பிலிருந்து பக்கவாட்டில் தள்ளி எடுத்து, உறையை எஸ்எஸ்டிக்கு மாற்றித் திருப்பி வையுங்கள். எஸ்எஸ்டி பழையதைவிட மெல்லியதாக இருந்து ஆடினால் கூட வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். பழைய டிஸ்க் வெளியே இருக்கும்போதே விண்டோஸைப் போடுங்கள். டெஸ்க்டாப்பிலும் அதன் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். இரண்டும் உள்ளே இருந்தால் தவறான டிஸ்க்கை அழிக்க ஒரு கிளிக் போதும்.

பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப்பைத் தட்டினால் எதிலிருந்து ஆரம்பிக்க என்று கேட்கும் (எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). கீ கேட்டால் "என்னிடம் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து எந்தப் பதிப்பு என்று கேட்டால் கவனம்: இந்தியாவில் விற்ற பல லேப்டாப்களில் இருப்பது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்'. ஆசைப்பட்டு 'ப்ரோ' போட்டால் ஆக்டிவேட் ஆகாது. ஆரம்பிக்கும் முன்பே பழைய விண்டோஸில் எந்தப் பதிப்பு என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-ன் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கை மாற்றினால் போகாது. "கீ தனியா 800 ரூபாய்" என்று கடையில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற அரை மணி நேரம், அப்டேட்டுகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு மணி. வைஃபை டிரைவர் இல்லாமல் இணையம் வரவில்லை என்றால் போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) போடுங்கள், மீதி தானாக வந்துவிடும். என் லேப்டாப் இப்போது 25 நொடியில் எழுந்திருக்கிறது. எஸ்எஸ்டிக்கு டீஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளைச் சேர்த்து அடுக்குவது) போடாதீர்கள், வேண்டிய பராமரிப்பை விண்டோஸே செய்துகொள்ளும்.

7. ரேம்: நான் 900 ரூபாய் விட்ட இடம்

எஸ்எஸ்டி போட்ட பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பல பேருக்கு அதுவே போதுமாக இருக்கும். 4 ஜிபி ரேமோடு பிரவுசரில் பத்து டேப் திறக்கிற வீடு என்றால் 8 ஜிபி ஆக்குவது நல்லது. அதற்கு மேல் இந்த வயது கம்ப்யூட்டருக்குத் தேவையில்லை. 2 ஜிபி என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றியாக வேண்டும்.

டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்தில் எத்தனை துளை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே வழியில்லை. விண்டோஸ் 32 பிட் என்றால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபியைத் தாண்டிப் பார்க்காது. 64 பிட் போட்ட பிறகே ரேம் வாங்குங்கள்.

நான் கடையில் "டிடிஆர்3 லேப்டாப் ரேம், 4 ஜிபி" என்று கேட்டு வாங்கி வந்தேன். சரியாகப் பொருந்தியது. ஆன் செய்தால் கறுப்புத் திரை. மறுபடி கழற்றி, அழிரப்பரால் தங்க நிறப் பற்களைத் துடைத்துப் போட்டேன். அப்போதும் கறுப்பு. பழைய ரேம் லேபிளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழையதில் பிசி3-க்குப் பக்கத்தில் 'எல்' என்று ஒரே ஒரு எழுத்து இருந்தது, புதியதில் இல்லை. டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் துளைக்குள் உட்கார்ந்துவிடும், வேலைதான் செய்யாது. நான்காம் தலைமுறை லேப்டாப் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு எல் வகைதான் வேண்டும். திருப்பிக் கொடுக்கப் போனால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டினார்கள்.

ஆகவே பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். இதே மாதிரி வேண்டும் என்று காட்டுங்கள். டிடிஆர்3 இப்போது பெரும்பாலும் பழைய சரக்காகத்தான் கிடைக்கும், அதனால் ஒரு வாரமாவது மாற்றித் தரும் உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். போட்டதும் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ஓட்டிப் பாருங்கள். எனக்குச் சரியான 8 ஜிபி 1,300 ஆனது. செலவுக் கணக்கில் எஸ்எஸ்டி, ரேம், கேபிள், பேஸ்ட் போக மீதி 250 திருப்புளி செட்டுக்கு.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய், இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

8. விண்டோஸ் 10-ஐ என்ன செய்வது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். குறுக்கு வழியில் பழையதிலும் ஏற்றலாம், ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்ற கவலையோடு ஓட்ட வேண்டும். நான் ஏற்றவில்லை.

2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட அப்டேட் திட்டம் ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யலாம். கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் கட்டணமில்லை; இல்லாவிட்டால் 30 டாலர்.

அதற்கப்புறம், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மிண்ட். அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர், வைஃபை, கேமரா மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். தமிழ்99 விசைப்பலகை, லினக்ஸின் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகக் கிடைக்கும். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டையும் நம்பிப் பிழைப்பவர்கள் மாறாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு, யூடியூப், மெயில் என்றால் மாறலாம்.

9. கழற்றிய டிஸ்க்

ஒரு மாதம் அப்படியே அலமாரியில் வையுங்கள். ஏதாவது ஒரு கோப்பை எடுக்க மறந்திருப்பீர்கள், மூன்றாவது வாரத்தில்தான் ஞாபகம் வரும். நல்ல நிலையில் இருந்தால் அதே சாட்டா யுஎஸ்பி கேபிளில் செருகிக் கூடுதல் பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டிஸ்க்கைப் பிடித்து வைக்கும் 'கேடி' என்ற சட்டம் ஒன்றை வாங்கி உள்ளேயும் பொருத்தலாம், ஆனால் 9.5 மிமீயா 12.7 மிமீயா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

மஞ்சள் காட்டிய டிஸ்க் என்றால் எதற்கும் நம்பாதீர்கள். பழைய பொருள் எடுப்பவரிடம் 100 ரூபாய்க்குப் போட்டுவிடவும் வேண்டாம். ஃபார்மட் செய்தாலும் உள்ளே இருக்கும் ஆதார் பிரதியையும் பாஸ்புக் ஸ்கேனையும் மீட்டெடுக்க முடியும். நான் மூடித் திருகுகளைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. சில டிஸ்க்குகளில் தட்டு உண்மையிலேயே கண்ணாடிதான், உடைத்தால் சிதறும். அதனால் ஒரு பழைய துணியில் சுற்றி அம்மிக்கல்லால் இரண்டு போடு போட்டு, மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்தேன்.